பதினைந்து நாளில் பத்து ஊர்: வியட்நாம் செல்லவிருக்கும் நால்வருக்கு

கேள்வி: நாங்கள் வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்தைச் சேர்ந்த நான்கு நண்பர்கள், பாடசாலைக் காலம் முதல் ஒன்றாகப் பழகியவர்கள். 2026 ஒக்டோபர் 17 முதல் 31 வரை முதுகுப்பையோடு வியட்நாமைச் சுற்றிவர எண்ணியுள்ளோம். ஹனோயில் இறங்கி, சாபா, ஹா ஜாங், ஹா லோங், நிங் பிங், ஹுவே, ஹோய் ஆன், டலாட், சைகோன் ஆகிய இடங்களைப் பார்த்து, பூ கோக் தீவில் முடிப்பது திட்டம். ஹனோயில் பழைய மோட்டார் சைக்கிள்கள் இரண்டை வாங்கி, ஓட்டிச் சென்று, சைகோனில் விற்றுவிட்டால் போக்குவரத்துச் செலவே இல்லை என்கிறார்கள். மூவர் வேலை செய்கிறோம்; ஒருவன் இன்னும் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான், அவனுக்குக் குறைவதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். ஒருவன் சைவ உணவு மட்டுமே உண்பவன், இன்னொருவன் முஸ்லிம். ஒருவனுடைய கடவுச்சீட்டு 2027 ஓகஸ்டில் முடிவடைகிறது, மற்றவர்களுடையவை நீண்ட காலம் செல்லுபடியாகும். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? வீட்டில் அம்மா மிகவும் பயப்படுகிறார்.
வெள்ளவத்தை வாசகர்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழும்பில் பயண ஆலோசகராக இருக்கிறேன். இந்தக் காலத்தில் என் மேசைக்கு வந்த வியட்நாம் திட்டங்களில் பாதிக்கு மேற்பட்டவை உங்களுடையதைப் போலவே இருந்தன. அவற்றில் ஆர்வம் இருந்தது, பணமும் ஓரளவு இருந்தது. நாட்டின் நீளம் பற்றிய கணக்குத்தான் இருக்கவில்லை. பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை ஏறத்தாழ 435 கிலோமீற்றரே உள்ள தீவில் வளர்ந்த நமக்கு, எந்த ஊரும் எந்த ஊருக்கும் ஓர் இரவுப் பஸ் தூரம் என்ற எண்ணம் இரத்தத்தில் ஊறியிருக்கிறது. இரவு ஒன்பதரைக்கு வெள்ளவத்தையில் ஏறினால் விடிய யாழ்ப்பாணத்தில் இறங்கலாம் அல்லவா? வியட்நாமோ வடக்குத் தெற்காக 1,650 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. ஹனோயிலிருந்து சைகோனுக்கு ரயில் பாதையின் நீளம் மட்டும் 1,726 கிலோமீற்றர். எங்கும் இறங்காமல் போனாலும் முப்பத்திரண்டு மணித்தியாலங்களுக்குக் குறையாது. சாபாவும் ஹா ஜாங்கும் அந்தப் பாதையிலேயே இல்லை. இரண்டும் ஹனோயிலிருந்து வெவ்வேறு திசைகளில், ஒவ்வொன்றும் 300 கிலோமீற்றர் அளவில், மலைக்குள் இருக்கின்றன. நீங்கள் எழுதிய பத்து ஊர்களையும் தரைவழியாகக் கோத்தால் 2,500 கிலோமீற்றரைத் தாண்டும். பதினைந்து நாட்களில் ஏழெட்டை பஸ் இருக்கையிலேயே கழித்துவிட்டு வருவீர்கள்.

நீளத்தால் வரும் இன்னொரு சங்கடம் காலநிலை. வியட்நாமுக்கு ஒரே பருவகாலம் கிடையாது. ஒக்டோபரில் வட மலைகள் மிக அழகாக இருக்கும். ஹா ஜாங்கில் பக்வீற் பூக்கள் இளஞ்சிவப்பாய் மலர்வதும் அப்போதுதான். ஆனால் செப்டம்பர் முதல் டிசம்பர் ஆரம்பம் வரை நாட்டின் நடுப்பகுதியில் கடுமழையும் புயலும் மாறி மாறி வரும். 2025 ஒக்டோபர் இறுதியில் ஹுவேயும் ஹோய் ஆனும் வெள்ளத்தில் மூழ்கின. ஹோய் ஆனின் பழைய வீதிகளில் படகுகள் ஓடின. அதே வாரத்தைத்தான் நீங்கள் அந்த இரண்டு ஊர்களுக்கும் ஒதுக்கியிருக்கிறீர்கள். ஒவ்வோர் ஆண்டும் அப்படித்தான் நடக்கும் என்று சொல்லவில்லை. ஆயினும் ரயில் பாதை நீரில் மூழ்கி, விமானம் இரத்தாகி, முற்பணம் செலுத்திய அறைகளை இழந்து நிற்பதற்கான வாய்ப்பு அந்த மாதத்தில் அதிகம். நவம்பர் மழை எப்படியிருக்கும் என்பதை இலங்கையருக்கு விளக்க வேண்டியதில்லை.

முழு நாட்டையும் ஒரே பயணத்தில் காண விரும்புவோருக்கு மார்ச் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரையான நாட்களையே நான் எப்போதும் சொல்வேன். வடக்கில் குளிர் தணிந்திருக்கும், நடுப்பகுதி காய்ந்திருக்கும், தெற்கில் வெயில் கடுமையாக இருந்தாலும் பெருமழை தொடங்கியிராது. 2027இல் வியட்நாமியரின் புத்தாண்டாகிய டெட் பெப்ரவரி 6ஆம் திகதி வருகிறது. அதையொட்டிய நாட்களில் கடைகள் மூடியிருக்கும், ரயில் இருக்கைகள் கிடைக்கமாட்டா. மார்ச் இறுதிக்குள் அந்த நெரிசல் முடிந்திருக்கும். உங்கள் முஸ்லிம் நண்பருக்கு நோன்பும் பெருநாளும் கழிந்திருக்கும். மார்ச் 26 பெரிய வெள்ளி விடுமுறை என்பதால் அன்று புறப்பட்டு, ஏப்ரல் 11 ஞாயிற்றுக்கிழமை கொழும்பு திரும்பினால், அதே அளவு விடுப்பில் பதினேழு நாட்கள் கிடைக்கின்றன. சித்திரை வருடப்பிறப்புக்கு வீட்டிலும் இருக்கலாம். ஐந்து மாதம் தள்ளிப்போடுவது உங்கள் வயதில் பெரிய தண்டனையாகத் தெரியும். தெரிந்துகொண்டே சொல்கிறேன்.

இனி ஊர்கள். சாபா, ஹா ஜாங் இரண்டில் ஒன்று போதும்; இளைஞர்களுக்கு ஹா ஜாங்கையே தெரிவுசெய்வேன். ஹா லோங்கும் நிங் பிங்கும் ஒரே வகைச் சுண்ணாம்புக்கல் குன்றுகளைக் கொண்டவை. ஒன்றில் குன்றுகள் கடலில் நிற்கின்றன, மற்றதில் வயலிலும் ஆற்றிலும் நிற்கின்றன. நிங் பிங் செலவு குறைந்தது. அதோடு ரயில் பாதையிலேயே இருக்கிறது. ஹா லோங்கைத்தான் பார்க்க வேண்டும் என்று நால்வரும் உறுதியாக இருந்தால் நிங் பிங்கை விடுங்கள், ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 2025 ஜூலையில் அந்தக் குடாவில் திடீரென எழுந்த சுழற்காற்றில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து முப்பதுக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். காலநிலை காரணமாகப் படகு இல்லை என்று துறைமுகத்தில் அறிவித்தால், வேறு படகுக்காரரைத் தேடிப் பேரம் பேசாமல் திரும்பிவிட வேண்டும். டலாட், பூ கோக் இரண்டையும் முற்றாக நீக்கிவிடுங்கள். குளிர்ந்த மலைநகரம் நுவரெலியாவில் இருக்கிறது. மணற்கடற்கரை நமக்குப் பஞ்சமில்லை.

மிஞ்சுவது இப்படி அமையும்: ஹனோயில் இரண்டு நாள், ஹா ஜாங் போய்வர ஐந்து நாள், நிங் பிங்கில் இரண்டு நாள், அங்கிருந்து இரவு ரயிலில் ஹுவே. அந்த ரயிலின் மென்படுக்கை வகுப்பில் ஒரு பெட்டிக்குள் நான்கு படுக்கைகள் என்பதால், கதவை மூடிக்கொண்டால் அது உங்கள் நால்வரின் அறையாகிவிடும். ஹுவேயில் ஒன்றரை நாள் தங்கி, பகல் ரயிலில் டா நாங் செல்லுங்கள். ஹாய் வான் கணவாயில் மலையைச் சுற்றிக் கடலை ஒட்டிச் செல்லும் அந்த இரண்டரை மூன்று மணித்தியாலப் பாதையில் போகும்போது இடப்பக்க யன்னலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அங்கிருந்து ஹோய் ஆன் சென்று மூன்று நாள். டா நாங்கிலிருந்து உள்நாட்டு விமானத்தில் சைகோன். மலிவு விமானங்களில் கைப்பொதி 7 கிலோகிராமுக்கு மேல் ஏற்கப்படாது. ஆகவே நாற்பது லீற்றருக்கு மேற்பட்ட பையை வாங்கவே வேண்டாம். பை பெரிதாக இருந்தால் நிரப்பத்தான் மனம் போகும்.

மோட்டார் சைக்கிள் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் உங்கள் கடிதத்தில் என்னை உண்மையிலேயே கலங்கச் செய்த பகுதி அதுதான். வியட்நாமில் 50 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளை ஓட்டுவதற்கு, அந்நாடு ஏற்றுக்கொள்ளும் அனுமதிப்பத்திரம் தேவை. கொழும்பு 3இல் உள்ள ஓட்டோமொபைல் அசோசியேஷனில் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இலங்கை அங்கம் வகிப்பது வீதிப் போக்குவரத்து தொடர்பான 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையில். நம்முடைய சர்வதேசப் பத்திரமும் அதன்படி வழங்கப்படுவது. வியட்நாம் ஏற்பதோ 1968ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின்படி வழங்கப்படும் பத்திரத்தை. ஆகவே நம் பத்திரத்தைக் கையில் வைத்திருந்தாலும் அங்கே சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாதவராகவே கொள்ளப்படுவீர்கள். 2025 ஜனவரி முதல் அந்நாட்டில் போக்குவரத்துத் தண்டப் பணம் பலமடங்கு கூட்டப்பட்டுள்ளது. மோட்டார் சைக்கிளில் சிவப்பு விளக்கைத் தாண்டினால் மட்டும் வியட்நாம் நாணயத்தில் 40 லட்சம் முதல் 60 லட்சம் டொங் வரை. குடித்துவிட்டு ஓட்டுவதில் அளவு என்பதே இல்லை. இரத்தத்தில் ஒரு துளி இருந்தாலும் குற்றம்.

ஆனால் தண்டப் பணம் இதில் மிகச் சிறிய பகுதி. அனுமதிப்பத்திரமின்றி வாகனம் ஓட்டி விபத்துக்குள்ளானால் உங்கள் பயணக் காப்புறுதி பெரும்பாலும் செல்லாது. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயணச்சீட்டு வாங்கிச் சென்ற ஓர் இளைஞர், என் சொல்லைக் கேட்காமல் மலைப்பாதையில் வண்டி ஓட்டி, வளைவில் கொட்டியிருந்த சரளைக் கல்லில் சறுக்கித் தொடையெலும்பை முறித்துக்கொண்டார். சத்திரசிகிச்சைக்கும், படுக்கையிலேயே கொழும்புக்குக் கொண்டுவருவதற்கும் ஆன செலவில் ஒரு சதம்கூடக் காப்புறுதி நிறுவனம் கொடுக்கவில்லை. அதன் பத்திரத்தில் இருந்த ஒற்றை வரியே காரணம். அவருடைய தந்தை வளவின் ஒரு பகுதியை விற்றார். அந்த வரி உங்கள் பத்திரத்திலும் இருக்கும். வாங்குவதற்கு முன் அதைத் தேடி வாசியுங்கள். மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து செல்பவருக்கு இழப்பீடு உண்டா என்பதையும் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

வாங்கி விற்பது பற்றியும் ஒரு சொல். ஹொண்டா வின் என்ற பெயரில் பயணிகளிடையே கைமாறும் பழைய வண்டிகளில் பெரும்பாலானவை ஹொண்டாவே அல்ல. சீனப் பிரதிகள், பத்துக் கைகளுக்கு மேல் மாறியவை, பதிவுப் பத்திரம் யாரோ ஒருவர் பெயரில் இருப்பவை. போதாததற்கு அங்கே வலப்பக்கம் செல்ல வேண்டும். காலி வீதியில் பத்து வருடம் இடப்பக்கம் ஓட்டிய கை, அவசரத்தில் எந்தப் பக்கம் வெட்டும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இதனால் ஹா ஜாங்கை இழக்க வேண்டியதில்லை. ஹா ஜாங் நகரிலிருந்து புறப்பட்டு, டோங் வான் பீடபூமியைச் சுற்றி, மா பி லெங் கணவாயைக் கடந்து திரும்பும் ஏறத்தாழ 350 கிலோமீற்றர் பாதையில், உள்ளூர்ச் சாரதியின் பின்னால் அமர்ந்து செல்லும் முறை இருக்கிறது. ஈசி ரைடர் என்று கேட்டால் எந்த விடுதியிலும் ஒழுங்கு செய்துகொடுப்பார்கள். நீங்கள் ஓட்டுவதைவிடச் செலவு கூடும். ஆனால் வீதியைப் பார்க்க வேண்டியவர் அவர். பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டியவர் நீங்கள். நான்கு நாள் எடுத்துச் செல்லுங்கள், மூன்று நாளில் முடிப்பவர்கள் இருட்டில் வளைவுகளைக் கடக்கிறார்கள். நீளக் காற்சட்டை அணியுங்கள். சைலன்சரில் பட்டுக் கெண்டைக்கால் பொசுங்குவது அந்தப் பாதையின் மிகச் சாதாரணமான காயம். பெரிய பையை ஹா ஜாங் விடுதியிலேயே விட்டுவிட்டு இரண்டு சட்டையோடு போகலாம். எந்தக் காரணத்துக்காகவும் யாரிடமும் கடவுச்சீட்டை அடமானமாகக் கொடுக்காதீர்கள். பிரதியையும் முற்பணத்தையும் கொடுத்தால் போதும்.

பணத்துக்கு வருகிறேன். ஒரு அமெரிக்க டொலருக்கு 25,000 டொங்குக்கு மேல் கிடைக்கும். இலங்கை ரூபாயை அங்கே யாரும் மாற்றித் தரமாட்டார்கள் என்பதால், கடவுச்சீட்டையும் பயணச்சீட்டையும் காட்டி இங்குள்ள வங்கியில் அல்லது அனுமதி பெற்ற நாணயமாற்று நிலையத்தில் டொலராகப் பெற்றுக்கொள்ளுங்கள். தாள்கள் மடிப்பும் கிறுக்கலும் இல்லாதவையாக இருக்க வேண்டும். உங்கள் வங்கி அட்டையை வெளிநாட்டில் பயன்படுத்துவதற்கான அனுமதியைப் புறப்படுமுன் வங்கியில் பெறுவதற்குப் பலர் மறந்துவிடுகிறார்கள். அங்குள்ள 20,000 டொங் தாளும் 500,000 டொங் தாளும் இரண்டுமே நீலம். முதல் முறை ஹனோய் சென்றபோது, ஒரு கோப்பிக்கடையில் மங்கிய வெளிச்சத்தில் இருபதாயிரத்துக்குப் பதிலாக ஐந்து லட்சத்தை நீட்டிவிட்டு, பெருமிதத்தோடு மீதியை வைத்துக்கொள்ளச் சொன்ன பயண ஆலோசகர் நான்தான். ஐந்து லட்சத் தாள்களைப் பணப்பையின் வேறொரு அறையில் வையுங்கள். ஹொஸ்டல் கட்டில், வீதியோர உணவு, நகரப் போக்குவரத்து எல்லாம் சேர்த்து ஒருவருக்கு நாளொன்றுக்கு 30 டொலர் என்பது, என் கணிப்பில், இறுக்கமும் தாராளமும் இல்லாத தொகை. ஹா ஜாங், உள்நாட்டு விமானம், இரவு ரயில் ஆகியவற்றைத் தனியாகக் கணக்கிட வேண்டும்.

படிக்கும் நண்பனுக்குக் குறைவதை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்று ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயணம் உடையுமானால் அந்த வரியில்தான் உடையும். கூட்டமாகச் சென்று தனித்தனியாகத் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஐவராகப் போன ஒரு குழுவில் மூவர் ஒரு விமானத்திலும் இருவர் இன்னொன்றிலும் வந்து இறங்கினார்கள். விசாரித்தபோது, விடுதி அறை ஒன்றின் விலையில் தொடங்கிய சச்சரவு என்றார்கள். யாரும் கெட்டவர்கள் அல்லர். மூவருக்கு ஆறு டொலர் என்பது ஒரு பியர். ஒருவனுக்கு அது அன்றைய சாப்பாடு. ஒவ்வொரு முறையும் நீங்கள் மேசையில் பணம் வைக்கும்போது அவன் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பான், நீங்கள் அதைக் கவனிக்கவேமாட்டீர்கள். ஐந்தாம் நாள் அவன் களைப்பாக இருக்கிறது என்று சொல்லி அறையிலேயே இருந்துவிடுவான். அவன் மாறிவிட்டான் என்று நீங்கள் நினைப்பீர்கள்.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் பெரியோர் சொன்னது இதற்குத்தான். நாளாந்தச் செலவின் உச்ச வரம்பை, நால்வரில் குறைவாக வைத்திருப்பவர் சொல்லும் தொகையிலேயே வையுங்கள். அவரே சொல்லட்டும், நீங்கள் ஊகிக்க வேண்டாம். அவருக்கு உதவ விரும்பினால் விமானச்சீட்டு வாங்கும்போதே, இங்கே கொழும்பில், ஒரு தொகையாகக் கொடுத்துவிட்டு அதைப் பற்றி மறுபடி பேசாதீர்கள். பயணத்தில் ஒரு பொதுப்பை இருக்கட்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை நால்வரும் சமமான தொகையை அதில் போடுங்கள். அறை, போக்குவரத்து, சேர்ந்து உண்ணும் உணவு ஆகியவை அதிலிருந்து செல்லட்டும். மது, நினைவுப்பொருள், தனி ஆசைகள் அவரவர் சொந்தப் பணத்தில். பையை ஒருவரே வைத்திருந்தால் அவர் தந்தையாகிவிடுவார், மற்றவர்கள் பிள்ளைகளாகிவிடுவார்கள். ஊருக்கு ஊர் ஆள் மாறட்டும். பயணத்தின் நடுவில், ஹோய் ஆனில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு முழு நாளை நால்வரும் நான்கு திசையில் கழித்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் சந்தியுங்கள். பத்து நாள் ஒரே அறையில் உறங்கிய நண்பர்களுக்கு அது மருந்து.

உணவைப் பற்றி உங்கள் சைவ நண்பர் அஞ்ச வேண்டியதில்லை. வியட்நாமில் மரக்கறி உணவுக்குச் சாய் என்று பெயர். அந்தச் சொல் எழுதிய பலகை தொங்கும் கடைகள் எல்லா நகரங்களிலும் உள்ளன. பௌத்தர்கள் பலர் சந்திர மாதத்தின் முதலாம், பதினைந்தாம் நாட்களில், அதாவது ஏறக்குறைய நம் அமாவாசை, பூரணை நாட்களில், நம்மவரைப் போலவே மரக்கறி உண்கிறார்கள்; அந்த நாட்களில் சாதாரணக் கடைகளிலும் சாய் கிடைக்கும். எச்சரிக்கை ஒன்றே: சாய் கடை அல்லாத இடத்தில் மரக்கறிபோலத் தெரியும் உணவிலும் நுவக் மாம் என்னும் மீன் சாறு சேர்ந்திருக்கும். ஃபோ நூடில்ஸ் கேட்கும்போது போ என்றால் மாட்டிறைச்சி, கா என்றால் கோழி. முஸ்லிம் நண்பர் பன்றிக்கு வடக்கில் லொன் என்றும் தெற்கில் ஹெயோ என்றும் இரண்டு சொற்கள் இருப்பதை அறிந்து வைத்திருக்க வேண்டும். ஹலால் கடைகள் சைகோனில் தாராளம், ஹனோயில் சில, ஹா ஜாங் மலையில் இல்லை. அங்கே அவரும் சாய் உண்பதே எளிது.

நம்மவர்கள் வழக்கமாகத் தவறவிடும் இரண்டு இடங்களைச் சொல்லாமல் விட மனமில்லை. ஹோய் ஆனிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றரில் மீ சோன் இருக்கிறது. சம்பா நாட்டு அரசர்கள் நான்காம் நூற்றாண்டு முதல் பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை சிவனுக்கு எழுப்பிய செங்கற் கோயில்கள், காட்டு மலைகளின் நடுவே நிற்கின்றன. 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பெரிய கோபுரங்கள் பல இடிந்தன. விடியற்காலை முதல் வண்டியில் போங்கள், பத்து மணிக்குப் பின் வெயிலும் கூட்டமும் தாங்காது. சைகோனில் பென் தான் சந்தைக்கு அருகே, தமிழ் வணிகர்கள் அமைத்த மாரியம்மன் கோயில் இருக்கிறது. இன்று அங்கே வணங்குவோரில் பெரும்பாலோர் வியட்நாமியர், அவர்கள் ஊதுபத்தியுடன் வந்து சுவரில் நெற்றியை வைத்து முணுமுணுத்து வேண்டுகிறார்கள். அதே நகரத்தில் டோங் டு தெருவிலுள்ள பள்ளிவாசலும் 1935இல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டியதே. நீங்கள் நால்வரும் அரை நாளில் கோயில், பள்ளிவாசல் இரண்டையும் பார்க்கலாம்.

விசா எளிது. 2023 ஓகஸ்ட் முதல் எல்லா நாட்டவருக்கும் 90 நாள் வரையான மின்விசா வழங்கப்படுகிறது. ஒருமுறை நுழைவுக்கு 25 டொலர், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் பணம் திரும்பாது. அரசாங்க இணையத்தளத்தைப் போலவே தோற்றமளித்து இருமடங்கு கட்டணம் அறவிடும் தனியார் தளங்கள் பல உள்ளன. முகவரியின் இறுதியைக் கவனியுங்கள். நம் தமிழ்ப் பெயர்களில் தந்தையின் பெயர் எங்கே, சொந்தப் பெயர் எங்கே என்ற குழப்பம் எப்போதும் உண்டு. கடவுச்சீட்டின் அடியில் அம்புக்குறிகளோடு அச்சிட்டிருக்கும் இரண்டு வரிகளில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் விடாமல், நிரப்புங்கள். எந்த விமான நிலையத்தில் நுழைகிறீர்கள் என்பதையும் சரியாகக் குறிப்பிட வேண்டும். விமானச்சீட்டில் ஒரு பொறி இருக்கிறது: கொழும்பிலிருந்து கோலாலம்பூர் அல்லது பாங்கொக் வரை ஒரு சீட்டும், அங்கிருந்து ஹனோய்க்கு வேறொரு சீட்டும் வாங்கினால் மலிவாகத் தெரியும். ஆனால் பொதியை எடுத்து மறுபடி ஒப்படைக்க நீங்கள் இடையிலுள்ள நாட்டின் குடிவரவைக் கடக்க வேண்டிவரலாம். அந்த நாடு நம் கடவுச்சீட்டுக்கு விசா கேட்டால் கட்டுநாயக்கவிலேயே உங்களை ஏற்றமாட்டார்கள். ஒரே சீட்டாக வாங்குங்கள்.

கட்டுநாயக்கவில் குடியகல்வு அதிகாரி உங்களிடம் சில கேள்விகள் கேட்டால் கோபப்படாதீர்கள். மியன்மாரின் மியாவடிப் பகுதியிலுள்ள இணைய மோசடி முகாம்களில் இலங்கை இளைஞர்கள் சிக்கித் தவித்த பிறகு, தென்கிழக்காசியா நோக்கிச் செல்லும் உங்கள் வயதினரை அவர்கள் கூர்ந்து பார்க்கிறார்கள். அதில் நியாயமும் உண்டு. திரும்பி வரும் சீட்டு, முதல் சில நாட்களுக்கான விடுதிப் பதிவு, வேலை செய்பவர்களுக்கு நிறுவனத்தின் விடுப்புக் கடிதம், படிப்பவருக்குப் பல்கலைக்கழக அடையாள அட்டை ஆகியவற்றை அச்சிட்டு ஒரு கோப்பில் வைத்திருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். உங்களில் யாரிடமாவது மின்சிகரெட் இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். வியட்நாம் அதை 2025 முதல் தடைசெய்துள்ளது.

அம்மாவுக்கு வீரம் பேசிக் காட்டாதீர்கள்; கோப்பின் பிரதி ஒன்றைக் கொடுங்கள். அதில் நாள்வாரியாக ஊர், விடுதியின் பெயர், காப்புறுதி இலக்கம், ஹனோயிலுள்ள இலங்கைத் தூதரகத்தின் தொலைபேசி எண் எல்லாம் இருக்கட்டும். இலங்கை நேரம் இரவு எட்டு மணிக்கு, அங்கே ஒன்பதரை, ஒருவர் மட்டும் செய்தி அனுப்பினால் போதும் என்று நான்கு வீடுகளோடும் பேசிக்கொள்ளுங்கள். மலைக்குள் தொடர்பு அறுபடலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு நாள் மௌனத்துக்கு வெள்ளவத்தை முழுவதும் விழித்திருக்கும். நாய் கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும், ஊர் திரும்பும் வரை காத்திருக்கக்கூடாது. அம்புலன்ஸ் எண் 115. ஹொஸ்டல்களில் இலவசமாக ஊற்றிக்கொடுக்கும் மதுவைத் தொடாதீர்கள்: 2024 நவம்பரில் லாவோசின் வாங் வியெங்கில் மெதனோல் கலந்த மதுவால் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள், அவர்களில் பலர் உங்களைவிட இளையவர்கள். மூடி உடைக்காத பியர் போத்தல் போதும்.

இறுதியாக, அந்தக் கடவுச்சீட்டு. ஒக்டோபரில் போவதாக இருந்தால் 2027 ஓகஸ்ட் வரை செல்லுபடியாகும் கடவுச்சீட்டில் சிக்கல் இருந்திராது. நான் உங்கள் பயணத்தை மார்ச்சுக்குத் தள்ளியதால் இப்போது அது போதாது. நுழையும் நாளிலிருந்து ஆறு மாதம் இருக்க வேண்டும் என்று விமான நிறுவனங்கள் பார்க்கின்றன, உங்கள் நண்பருக்கு ஐந்துதான் இருக்கும். மின்விசா கடவுச்சீட்டு இலக்கத்தோடு இணைந்தது, ஆகவே பழைய இலக்கத்தில் விண்ணப்பித்துவிட்டுப் பிறகு புதியதை எடுத்தால் அந்த 25 டொலரும் வீண். நால்வருக்கும் சீட்டு வாங்குவதற்கு முன், அவரைப் பத்தரமுல்லைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் இந்த வாரமே திகதி பதிவுசெய்துகொள்ளச் சொல்லுங்கள்.